துருவை ஊறவைத்து எடுக்கும் திரவம்: எவாப்போ-ரஸ்ட் யாருக்கு, எதற்கு?

பழைய காரை முதன்முறையாகப் பிரித்துப் போடுபவர் துருவுக்கென்று முதலில் வாங்குவது பெரும்பாலும் கிரைண்டரில் மாட்டும் வயர் பிரஷ்தான். தட்டையான, கனமான இரும்பில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கதவுக் கீல், ஹேண்ட்பிரேக் லிவரின் பற்கள், பிரேக் அட்ஜஸ்டரின் மரை, சீட் நகரும் தண்டவாளம் என்று வரும்போது கம்பி நுனி குழிக்குள் போகாது. மேடான இடத்தில் நல்ல இரும்பு தேயும், பள்ளத்தில் துரு அப்படியே உட்கார்ந்திருக்கும். மேலே பளபளப்பாகத் தெரிவதால் துரு போய்விட்டது என்று நினைத்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். அடுத்த மழைக்காலத்தில் பெயின்ட் அடியிலிருந்து கொப்புளிக்கும்.

இந்த இடத்துக்காகவே இருப்பவை ஊறவைக்கும் துருநீக்கிகள். அவற்றில் பரவலாகத் தெரிந்த பெயர் எவாப்போ-ரஸ்ட். மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாளியில் முழுதாக மூழ்கக்கூடிய எந்த இரும்புப் பாகத்துக்கும், முதல்முறை கை வைப்பவர் நம்பி வாங்கலாம். காரின் பாடிக்கென்று வாங்கினால் பணம் வீண். நடுவில் இருக்கும் பாகங்கள்தான் யோசிக்கவேண்டியவை. பெட்ரோல் டேங்க் அதில் முதன்மையானது.

இது ஆசிட் இல்லை. தண்ணீரில் கலந்த கிலேட்டிங் வகைக் கரைசல், ஏறத்தாழ நடுநிலை. துருவில் இருக்கும் இரும்பு அயனியைப் பிடித்துக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்ளும். கெட்டியான உலோக இரும்பில் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி வலுவானது, அதனால் அதைச் சீண்டுவது மிகக் குறைவு. ஆசிட் இந்த வித்தியாசம் பார்ப்பதில்லை. துருவைத் தின்று முடித்ததும் இரும்பைத் தின்னத் தொடங்கும். நேரம் பார்க்கத் தெரியாத புதியவருக்கு இந்த ஒரு குணமே போதும் இதைத் தேர்ந்தெடுக்க. ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் எடுத்தாலும் பாகம் பாகமாகவே இருக்கும். வெறும் கையில் பட்டால் புண்ணாகாது, மூச்சு முட்டும் புகை வராது. ஆனாலும் கையுறை போடுங்கள். கரைசலைவிட அதில் கரைந்திருக்கும் பழைய கிரீஸும் பெயின்டும்தான் கைக்கு ஆகாதவை.

பலர் "வேலை செய்யவே இல்லை" என்று சொல்வதற்குக் காரணம் மூன்றே மூன்று. எண்ணெய்ப்பசை, குளிர், காய்ந்துபோவது.

எண்ணெய் இருக்கும் இடத்தில் தண்ணீர்க் கரைசல் ஒட்டாது. முப்பது நாற்பது வருடக் கிரீஸ், சாலைத் தூசியோடு சேர்ந்து தார் மாதிரி இறுகியிருக்கும். முதலில் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசவேண்டும். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்காமல் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக வழிந்தால் பாகம் தயார். முத்தாக நின்றால் இன்னும் பசை இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. இதைத் தவிர்த்துவிட்டுத்தான் ஒரு வாளிக் கரைசலைப் பாழாக்குகிறார்கள்.

அடுத்தது சூடு. 18 டிகிரிக்குக் கீழே போனால் வேலை மிக மெதுவாகும், 25 முதல் 30 டிகிரியில் நன்றாக ஓடும். குளிர்காலத்தில் மீன்தொட்டிக்குப் போடும் சிறிய ஹீட்டர் ஒன்று போதும். அதோடு மீன்தொட்டி பம்பும் சேர்த்தால் கரைசல் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரே இடத்தில் தேங்கிக் களைத்துப்போகாது. பம்ப் இல்லாவிட்டால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாகத்தைத் திருப்பிப் போடுங்கள். ஹீட்டரை மூழ்கிய நிலையில்தான் போடவேண்டும். கரைசல் ஆவியாகிக் குறைந்து ஹீட்டர் வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும்.

மூன்றாவது, பாதி மூழ்கிப் பாதி வெளியே நிற்கும் பாகம். கரைசலின் மேல்மட்டம் தொடும் இடத்தில் ஒரு கோடு அரித்துப் பதிந்துவிடும், அதைப் பிறகு தேய்த்தாலும் போகாது. அதனால் பாகம் முழுவதும் மூழ்கவேண்டும், குறைந்தது இரண்டு விரற்கடை மேலே கரைசல் நிற்கவேண்டும். அதற்கு நிறைய வாங்கவேண்டுமே என்று பயப்படவேண்டாம். மூடி இறுக்கிய தண்ணீர்ப் பாட்டில்களை வாளியின் காலி இடத்தில் அடுக்கினால் மட்டம் மேலே ஏறும். நீளமான பாகத்துக்கு, அதன் அளவுக்குப் பலகையால் ஒரு பெட்டி அடித்து, உள்ளே கனமான பாலித்தீன் விரித்து ஊற்றினால், ஐந்து லிட்டரில் ஒரு ஜோடி சீட் தண்டவாளம் ஊறிவிடும். வாளியை மூடிவையுங்கள். ஆவியானால் தண்ணீர் மட்டும் சேர்த்து பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.

இது எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ள, கதவுக் கீல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். போடும்போது செம்பழுப்பு, விரலால் தொட்டால் தூளாக வரும், ஆணி அசையாது. முதல் மணி நேரத்தில் ஒன்றும் ஆகாத மாதிரிதான் இருக்கும். ஆசிட் மாதிரி பொங்கிக் காட்டாது என்பதால் புதியவர்கள் இந்தக் கட்டத்தில் நம்பிக்கை இழப்பார்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் செம்பழுப்பு மங்கி, மேலே கருப்பாகச் சேறு மாதிரி ஒரு படலம் வரும். அப்போது வெளியே எடுத்து, பழைய பல் பிரஷால் ஓடும் தண்ணீரில் தேயுங்கள். கருப்புச் சேறு கழன்று, கீழே சாம்பல் நிற இரும்பு அங்கங்கே தெரியும். உட்குழிகளில் மட்டும் இன்னும் பழுப்பு நிற்கும். மறுபடி போட்டு ராத்திரி முழுக்க விட்டால், காலையில் கீலின் ஓரத்தில் தொழிற்சாலையில் அச்சடித்த எண்கூடத் தெளிவாகப் படிக்கத் தெரியும். ஆணி சுற்றத் தொடங்கினால் கரைசல் இடுக்குக்குள் போயிருக்கிறது. சுற்றாவிட்டால் இன்னும் சில நாள் ஊறவைப்பதால் பெரிய பயனில்லை. இறுகிய இணைப்பைக் கழற்ற இது சரியான மருந்து இல்லை. அதற்குத் துளைத்து ஊறும் எண்ணெயும் சூடும் வேண்டும்.

நடுவில் எடுத்துத் தேய்ப்பதைத் தவறவிடாதீர்கள். கருப்புப் படலம் அப்படியே இருந்தால் அதற்கு அடியில் கரைசல் நுழையத் தாமதமாகும். கனத்த துருவில், பொருக்கு பொருக்காக நிற்பதைச் சுத்தியலால் லேசாகத் தட்டி உதிர்த்துவிட்டுப் போட்டால் பாதிக் கரைசல் மிச்சம்.

எஃகு அதிகக் கார்பன் கொண்டதாக இருந்தால், உதாரணமாக ஸ்பிரிங், பாகம் முழுக்கக் கருப்பாக வெளிவரும். கெட்டுப்போகவில்லை. இரும்பு ஆக்சைடு போன இடத்தில் மேல்பரப்பில் கார்பன் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். துணியால் துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். துருவைத் தடுக்க நீலமேற்றிய (புளூயிங் செய்த) பாகத்தை மட்டும் போடாதீர்கள். அந்த நீலமும் ஒரு வகை ஆக்சைடு, அதுவும் சேர்ந்து போய்விடும். துத்தநாக முலாம் பூசிய போல்ட்டுகளையும் தனியாக, குறைந்த நேரம் போடுங்கள். முலாம் மங்கிப் பொலிவு போகும். கார்பரேட்டர் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவையோ அலுமினியமோதான். அதில் சிவப்புத் துரு வராது, எனவே இதற்கு அங்கே வேலையும் இல்லை.

குரோம் பம்பரில் இது அழகாக வேலை செய்யும். சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகளில் இருக்கும் துருவை எடுக்கும், குரோமைத் தொடாது. ஆனால் புள்ளி இருந்த இடத்தில் முலாம் ஏற்கெனவே போயிருக்கும். துரு போனதும் அங்கே நுண்ணிய கருங்குழி தெரியும். அதைத் திரும்பக் கொண்டுவரும் திரவம் எதுவும் கிடையாது, மறுமுலாம்தான் வழி. பம்பரின் பின்பக்கம்தான் உண்மையில் ஊறவைக்க வேண்டிய இடம், அங்கே முலாம் மெல்லியதாகவே இருக்கும்.

இப்போது பெட்ரோல் டேங்க். இதற்குத்தான் நிறைய பேர் இதை வாங்குகிறார்கள், நிறைய பேர் தப்பும் செய்கிறார்கள். முதலில் பெட்ரோல் அளவுக் கருவியை, அதாவது மிதவையோடு இருக்கும் சென்டரை (sender), கழற்றுங்கள். வடிகட்டிச் சல்லடை இருந்தால் அதையும். பெட்ரோலை வடித்தபின்னும் டேங்க் காலி இல்லை, உள்ளே இருப்பது வெடிக்கக் காத்திருக்கும் ஆவி. வெந்நீரும் சோப்பும் ஊற்றிப் பலமுறை அலசி, வாடை போகும் வரை திறந்தவெளியில் வையுங்கள். உள்ளே காற்று ஓட வேக்குவம் கிளீனரின் உறிஞ்சும் வாயை வைப்பவர்கள் இருக்கிறார்கள், செய்யவே கூடாது. ஆவி அதன் மோட்டார் தீப்பொறி வழியே போகும். கழுவிய டேங்கில் வெல்டிங் செய்வது இன்னொரு கதை, அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

பல வருடம் நின்ற பெட்ரோல், டேங்க் சுவரில் தேன்நிற வார்னிஷாக ஒட்டிக்கொள்ளும். கிலேட்டிங் கரைசல் அதை ஒன்றும் செய்யாது. ஒரு லிட்டர் அசிட்டோன் ஊற்றி, துளைகளை அடைத்து, எல்லாப் பக்கமும் உருட்டி, வடித்துவிடுங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் பெயின்ட் போய்விடும், கவனம். பிறகு ஒரு மீட்டர் சங்கிலியை உள்ளே விட்டு, கொஞ்சம் தண்ணீரோடு குலுக்கினால் தளர்ந்த பொருக்கு உதிரும். நட்டுகளைவிடச் சங்கிலி நல்லது, எண்ணி எடுக்கவேண்டிய அவசியமில்லை, ஒரு முனையை வெளியே கட்டிவைத்தால் தொலையாது. உள்ளே தடுப்புத் தகடு இருக்கும் டேங்கில் நட்டுகள் சிக்கினால் வெளியே வராது.

இனிதான் ஊறல். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் டேங்க் 40 லிட்டர். அதை நிரப்பும் அளவுக்கு யாரும் வாங்கமாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு லிட்டர் ஊற்றி, இறுக்கி அடைத்து, ஒரு பக்கம் சாய்த்து வைத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை அடுத்த பக்கம் திருப்பவேண்டும். ராத்திரி எழுந்து திருப்ப முடியாது, பரவாயில்லை. ஆனால் மேல்பக்கம் காய விடாமல் படுக்கப்போகும் முன் ஒருமுறை முழுதாக உருட்டிவிடுங்கள். ஆறு பக்கமும் சேர்த்து மூன்று நாளாவது ஆகும். துரு எடுத்தபின் முக்கியமான ஒரு சோதனை உண்டு. பழைய டேங்கில் ஊசித்துளைகளைத் துருவே அடைத்துக்கொண்டு நின்றிருக்கும். துரு போனதும் துளை திறக்கும். டேங்கின் வெளிப்பக்கம், குறிப்பாக அடித்தையலிலும் தகடு மடிந்த இடங்களிலும் சாக்பீஸ் தேய்த்து, உள்ளே தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். ஈரம் கசிந்தால் சாக்பீஸ் கருமையாகக் காட்டிக்கொடுக்கும். காருக்குள் பொருத்தியபின் பெட்ரோலில் தெரிவதைவிட இப்போதே தண்ணீரில் தெரிவது எவ்வளவோ மேல். துளை இல்லையென்றால், வெந்நீரில் அலசி, சூடான காற்று ஊதிக் காயவைத்து, உடனே கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்த பெட்ரோலை உள்ளே உருட்டி விட்டுவிடுங்கள். டேங்க் காலியாகக் கிடந்தால் இரண்டு நாளில் மறுபடி மஞ்சள் படரும்.

பிரேக் பாகங்களில் இது உதவும் இடமும் உதவாத இடமும் அடுத்தடுத்தே இருக்கின்றன. பேக்கிங் பிளேட் (டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகடு), அட்ஜஸ்டர், லிவர், கிளிப் எல்லாம் போடலாம். பிரேக் ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையை, அதாவது லைனிங்கை, போடக்கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் டிரம்மைக் கழற்றியதும் காற்று அடித்துத் தூசியைக் கிளப்பாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துத் துணியைப் பையில் கட்டிப்போடுங்கள். ஹைட்ராலிக் சிலிண்டரின் உள்துளையில் துரு இருந்தால் கரைசல் துருவை எடுத்துவிடும், குழி நிற்கும். அந்தக் குழியில் ரப்பர் சீல் ஏறி இறங்கித் தேய்ந்து கசியும். விரல் நகம் சிக்கும் குழி இருந்தாலே சிலிண்டர் வேண்டாம், புதிது வாங்குங்கள் அல்லது உள்துளைக்குப் புது உறை (ஸ்லீவ்) போடக் கொடுங்கள். பிரேக்கில் மிச்சம் பிடிப்பது சேமிப்பு ஆகாது. டிரம்மில் அதிகபட்ச விட்டம் அச்சடித்திருந்தால், துரு எடுத்தபின் அளந்து பாருங்கள். துருவோடு எடுத்த அளவு பொய் சொல்லும்.

ஆசிட்களோடு ஒப்பிட்டால் என்ன? ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேகத்தில் இதைத் தோற்கடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதன் ஆவி கொட்டகையில் இருக்கும் ஸ்பானர், கடைசல் இயந்திரம், பளபளப்பாக வைத்திருந்த மற்ற பாகம் எல்லாவற்றிலும் ஒரே ராத்திரியில் துரு பூக்கவைக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. ஆசிட் இரும்போடு வினைபுரியும்போது வெளிவரும் ஹைட்ரஜன், உறுதியான எஃகுக்குள் ஊடுருவி அதை நொறுங்கும் தன்மை உடையதாக்கும். ஸ்பிரிங், டார்ஷன் பார் (முறுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), 10.9, 12.9 என்று தலையில் எண் பதித்த போல்ட் ஆகியவை வெளியில் நல்லபடியாகத் தெரியும், சுமை ஏறியபின் ஒருநாள் டக்கென்று உடையும். இவற்றை எந்த ஆசிட்டிலும் போடாதீர்கள். வினிகரும் ஆசிட்தான், மெதுவான ஆசிட். சும்மா ஒரு இரவு போட்டு நாலு நாள் மறந்தால் மரை தேய்ந்து நட் ஆடும்.

பாஸ்பாரிக் ஆசிட்டுக்கு மட்டும் தனி மரியாதை உண்டு. மூழ்கவைக்க முடியாத பாடித் தகட்டில் தடவுவதற்கு அது இந்தக் கரைசலைவிடச் சிறந்தது. ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: அலசாமல் ஆசிட் எச்சம் நிற்கும் இரும்பில் பெயின்டுக்கு அடியில் அடிக்கும் எபாக்ஸி பிரைமர் ஒழுங்காகப் பிடிக்காது, பிறகு தகடு தகடாக உரியும். எனவே ஆசிட் காயும் முன் நன்றாகக் கழுவித் துடைத்து, உலர்த்தி, பிறகுதான் பிரைமர்.

துருவைக் கருப்பாக மாற்றும் கன்வெர்ட்டர் என்று விற்கும் டானிக் ஆசிட் வகைப் பூச்சு வேறு பண்டம். துருவை எடுக்காது, மேல்படலத்தை நிலையான கருப்புச் சேர்மமாக மாற்றும். சேஸியின் எட்டாத மூலைக்கு அது போதும். கனமான பொருக்கின் மேல் அடித்தால் மேல்தோல் மட்டும் கருத்து, அடியில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். மின்சாரத்தால் துரு எடுக்கும் எலெக்ட்ராலிசிஸ் முறை மலிவு, கனத்த வார்ப்பிரும்புக்கு மிக நன்று. ஆனால் ஆனோடாக, அதாவது நேர்மின் முனையாக, துருப்பிடிக்காத எஃகைப் போடவே கூடாது, அதிலிருந்து நச்சான ஆறு வலுக் குரோமியம் கரைசலில் கலக்கும். சாதாரண இரும்புத் தகட்டைப் போடுங்கள். ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் மூடிய அறையில் வேண்டாம்.

எவாப்போ-ரஸ்ட்டின் உண்மையான பலவீனங்களுக்கு வருவோம். சூடாக உருட்டிய எஃகின் மேல் இருக்கும் கருநீலப் படலத்தை, அதாவது மில் ஸ்கேலை, இது மிக மிக மெதுவாகத்தான் எடுக்கும். அதற்காக நாள்கணக்கில் காத்திருக்காமல் தேய்த்து எடுங்கள். பாடியில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஸ்பாட் வெல்டு செய்த இடுக்குகளில் கரைசல் நுழைந்தால் வெளியே வராது. பாடித் தகட்டைத் துணியால் சுற்றி ஊறவைக்கும் முறை சிலர் சொல்வார்கள். துணியை நனைத்து, மேலே பாலித்தீன் மூடி, ஓரங்களை ஒட்டி, காய விடாமல் பார்த்துக்கொண்டால் வேலை செய்யும். மூலையொன்று காய்ந்தால் அங்கே கருங்கறை படியும். பானெட்டின் அடிப்பக்கம் போன்ற சிறு இடத்துக்குச் சரி, ஒரு கதவு முழுவதற்கும் இதைச் செய்வது பாடுபடுவது மட்டுமே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காரின் வெளித்தகடு பொதுவாக 0.8 முதல் 1 மில்லிமீட்டர். அடிச்சட்டம், தரைத்தகடு, கதவுக்குக் கீழ் ஓடும் சில் பெட்டி ஆகியவற்றில் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது, வெளியில் தெரியும்போது உள்ளே ஏறக்குறைய முடிந்திருக்கும். அங்கே எந்தத் திரவமும் வாங்குவதற்கு முன் ஒரு கூரிய ஸ்குரூடிரைவரை எடுத்து, ஜாக் வைக்கும் இடத்திலும் ஸ்பிரிங் பிடியின் அருகிலும் அழுத்திக் குத்துங்கள். உள்ளே போனால் கேள்வி துருநீக்கி பற்றியது இல்லை, வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பது பற்றியது. வெல்டிங்குக்கு முன் குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் அந்த இடத்தைத் துடைக்காதீர்கள். வெல்டிங் ஆர்க்கின் வெப்பத்தில் அது பாஸ்ஜீன் வாயுவாக மாறும், நுரையீரலைக் கொல்லும் வாயு.

வாளியிலிருந்து எடுத்தபின் வரும் அரைமணி நேரம்தான் எல்லாவற்றையும் காப்பதும் கெடுப்பதும். துருவில்லாத ஈர இரும்பு காற்றில் சில நிமிடத்திலேயே மஞ்சளிக்கும். வெந்நீரில் அலசுங்கள், பாகம் சூடேறி அதுவாகவே சீக்கிரம் காயும். மிச்ச ஈரத்தை வெப்பக் காற்றால் ஓட்டுங்கள். பெயின்ட் அடிக்கும் பாகத்தை வெறுங்கையால் தொடாமல், தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, அன்றே எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். உடனே முடியாதென்றால், பாகத்தைக் கடைசியாக ஒருமுறை கரைசலில் முக்கி, அலசாமல் உலரவிட்டு, வறண்ட இடத்தில் வைக்கலாம். அது சில நாள் காக்கும், பெயின்டுக்கு முன் கட்டாயம் கழுவித் தேய்க்கவேண்டும். ஏற்கெனவே மஞ்சள் பூத்திருந்தால் மனம் நோக வேண்டாம், பத்து நிமிடம் மறுபடி முக்கினால் போய்விடும்.

போல்ட்டுகளை மொத்தமாகக் கொட்டி ஊறவைப்பது பெரிய தவறு. கழுவி வந்தபின் எது எங்கே இருந்தது என்று எவராலும் சொல்லமுடியாது. காகிதச் சீட்டும் நனைந்து கரைந்துவிடும். துணி துவைக்கும் வலைப்பை பத்து வாங்கி, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பை, பையோடு ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை, அதில் கத்தியால் போட்ட வெட்டுக்குறிகளின் எண்ணிக்கை உங்கள் நோட்டில் இருக்கும் எண். முன்பக்க சஸ்பென்ஷன் மூன்று வெட்டு, கதவு ஐந்து வெட்டு என்று. பையை நன்றாகக் குலுக்கினால் போல்ட்டுகள் ஒன்றோடொன்று உரசித் தானாகவே சேறும் உதிரும்.

எவ்வளவு வாங்குவது? முதல்முறைக்கு ஐந்து லிட்டர். கொஞ்சமாகத் துருப்பிடித்த சின்னப் பாகங்கள் நிறைய வரும். பெரிய டேங்க் வேலை இருந்தால் மட்டும் மேலும் வாங்குங்கள். புதிதாக இருக்கும்போது மஞ்சளாக இருக்கும், வேலை செய்யச் செய்யக் கருக்கும். கருத்ததும் செத்துப்போனதில்லை, துரு எடுக்கும் வேகம் குறைவதுதான் அடையாளம். புதியதையும் பழையதையும் கலக்காமல், பழையதில் முதல் ஊறலையும் புதியதில் கடைசி ஊறலையும் வைத்துக்கொண்டால் இரண்டு மடங்கு நாள் வரும். அவ்வப்போது பழைய காட்டன் துணியில் வடிகட்டினால் சேறு பிரியும். வீசும்போது சாக்கடையில் கொட்டாதீர்கள். இரும்பு மட்டும் இருந்தால் பெரிய கேடு இல்லைதான். ஆனால் பழைய காரின் பாகம் ஊறிய நீரில் ஈயம் கலந்த பெயின்ட்டும் எண்ணெயும் இருக்கும். மூடி இறுக்கிய கேனில் சேர்த்துவைத்து, பழைய எஞ்சின் ஆயிலைக் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக் கொடுங்கள்.